ஜி.எஸ்.டி. நம்பர் வாங்குவது சரி, வாங்கிய பிறகு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே துணி வியாபாரம் செய்யும் பெண்கள் கம்பெனி விலைக்குச் சரக்கு எடுக்க வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. நம்பர் வாங்கிக்கொள்ளலாம், அது இலவசம், சுலபம் என்று போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி வந்திருந்தது. அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் நம்பர் கைக்கு வருவதோடு செய்தி முடிந்துவிட்டது. எனக்குக் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. என்னைப் போல இன்னும் யாராவது மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. நைட்டி, உள்பாவாடை, சின்னப் பிள்ளைகளுக்கு பனியன், ஜட்டி. பதினோரு வருஷமாக விற்கிறேன். வாங்குகிறவர்கள் தறிக்கும் மில்லுக்கும் போகிற பெண்கள். பாதிப் பேர் தவணைதான். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் நூறு, இருநூறு என்று தந்துவிட்டுப் போவார்கள். எல்லாம் நோட்டில் இருக்கிறது. மாதத்துக்குச் சுமார் 60,000 ரூபாய்க்கு விற்பனை ஆகும். வருஷத்துக்கு ஏழு லட்சம் சொச்சம். விற்பனைதான் ஏழு லட்சம், லாபம் அல்ல.

சரக்கு எடுப்பது மதுரையில், விளக்குத்தூண் பக்கம். மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போய், இரண்டு பெரிய பைகளோடு திரும்புவேன். அங்கே பெரும்பாலும் கொடுப்பது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டுதான். கடை பெயர் இருக்காது, வரி எண் இருக்காது. ஒருமுறை எடுத்து வந்ததில் 14 நைட்டி முதல் துவைப்பிலேயே சாயம் விட்டது. வாங்கியவர்கள் எல்லாரும் தெரு ஜனம், மாற்றிக் கொடுக்காமல் இருக்க முடியாது. மதுரைக்குக் கொண்டுபோனால், 'இது எங்க சரக்குதான்னு என்ன அத்தாட்சிம்மா?' என்று கேட்டார்கள். சீட்டைக் காட்டினேன், அதில் அவர்கள் பெயரே இல்லை. அந்த 14 பீஸும் என் தலையில்தான் விழுந்தது. பில்லோடு வாங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

ஈரோடு பக்கம் நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியின் நம்பர் கிடைத்தது. மதுரையில் 180 ரூபாய்க்கு எடுக்கும் அதே ரகம் அங்கே 145, வரி 5 சதவீதம் சேர்த்தால் 152 ரூபாய் 25 காசு. குறைந்தது 100 பீஸ் எடுக்க வேண்டும். பீஸுக்கு 27 ரூபாய் 75 காசு மிச்சம் என்றால் நூறு பீஸுக்கு 2,775 ரூபாய். என் வியாபாரத்துக்கு அது பெரிய காசு. போனில் பேசியவர், 'ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாம கம்பெனி ரேட்டுக்கு பில் போட மாட்டோமுங்க அக்கா' என்று சொல்லிவிட்டார்.

முதலில் எங்கள் தெரு ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் போனேன். 'எதுக்கும்மா கவலைப்படுதே, என் நம்பர்லயே எடுத்துக்க' என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இரண்டு தடவை அப்படி எடுத்தேன். மூன்றாவது தடவை அவரே கூப்பிட்டு, 'வேண்டாம்மா, ஆடிட்டர் சத்தம் போடுதாரு' என்றார். அவர் நம்பரில் வாங்கிய சரக்கு தானாகவே அவர் கொள்முதல் கணக்கில் ஏறிவிடுகிறது. வாங்கியவர் விற்பனையும் காட்ட வேண்டும். விற்றதோ நான். அவர் காட்டினால் வரியை அவர் கட்ட வேண்டும், காட்டாவிட்டால் சரக்கு எங்கே என்று கேள்வி வரும். உதவி செய்த மனுஷரைச் சிக்கலில் விட்டுவிட்டோமே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு. இந்த இரவல் நம்பர் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

அப்புறம்தான் எனக்கே ஒரு நம்பர் வாங்கலாம் என்று கிளம்பினேன். 2023 ஜூனில் ஒருவரைப் பிடித்தேன். வரி வேலை பார்க்கிற யாரையும் எங்கள் ஊரில் 'ஆடிட்டர்' என்றுதான் சொல்வோம். அவர் உண்மையில் ஆடிட்டர் இல்லை. நம்பர் எடுத்துக் கொடுக்க 5,000 ரூபாய் கேட்டார். வீடு மாமனார் பெயரில் இருந்ததால் பத்திரத்தாளில் சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரை என்று மேலே 800 ரூபாய். ஆதார், பான் கார்டு, போட்டோ, கரண்டு பில், வீட்டு வரி ரசீது எல்லாம் கொடுத்தேன். ஆதாரோடு இணைந்த என் போனில் வந்த ஓ.டி.பி.யைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். இரண்டு வாரத்தில் நம்பர் வந்தது. மஞ்சள் குங்குமம் வைத்து பிரேம் போட்டு மாட்டினேன்.

அந்த 15 எழுத்தில் முதல் இரண்டான 33 தமிழ்நாட்டைக் குறிக்கும், அடுத்த பத்தும் என்னுடைய பான் எண் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. மாமனார் நூல் கடை வைத்திருந்த காலத்து பில் புத்தகம் ஒன்று பரணில் இருக்கிறது. அதில் மாநில விற்பனை வரிக்கு டி.என்.ஜி.எஸ்.டி. நம்பர், மத்திய விற்பனை வரிக்கு சி.எஸ்.டி. நம்பர் என்று இரண்டு அச்சடித்திருக்கும். 2007-இல் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்த பிறகு அச்சடித்த புத்தகத்தில் டின் என்ற 11 இலக்க வரி நம்பர். அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை மாதம் ஒருநாள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, 'இந்தத் தேதிக்குள்ள கட்டிடுங்க' என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு நம்பர் எடுத்துக் கொடுத்தவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை.

நான் நினைத்துக்கொண்டது இதுதான்: சரக்கு விற்கிறவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி., நமக்கு ஏழு லட்சம்தான், ஆகவே நம்பர் சரக்கு எடுக்க மட்டும், வரி எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் சறுக்கினேன். 40 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் நாமாக விரும்பிப் பதிவு செய்துவிட்டால், அந்த நாளிலிருந்து முதல் ரூபாய் விற்பனைக்கும் வரி உண்டு. விற்பனை இல்லாவிட்டாலும் ரிட்டர்ன், அதாவது வரிக்கணக்கு, போட வேண்டும். நம்பர் வாங்கும் முன் ஒரு பெண்ணுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஈரோட்டிலிருந்து இரண்டு தடவை பில்லோடு சரக்கு வந்தது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதன்பிறகு மாமியாருக்குக் கண் ஆபரேஷன், மகளுக்குக் கல்லூரி என்று பெரிய லாட் எடுக்கக் கையில் பணம் இல்லை. பழையபடி மதுரையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஓட்டினேன். 2025 பொங்கலுக்கு மறுபடி 100 பீஸ் கேட்டு ஈரோட்டுக்குப் போன் செய்தேன். அந்தக் கணக்கர் கம்ப்யூட்டரில் என் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'அக்கா, உங்க நம்பர் கேன்சல் ஆகியிருக்குதுங்களே, தெரியாதுங்களா?' என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

எப்படித் தெரியும்? பதிவு செய்தவர் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் தன்னுடையதையே கொடுத்திருந்தார். ரிட்டர்ன் போடவில்லை என்ற நினைவூட்டல், ஏன் ரத்து செய்யக் கூடாது என்ற நோட்டீஸ், கடைசியில் 2024 ஏப்ரலில் போட்ட ரத்து உத்தரவு எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. யூசர் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் அவரிடம். அவர் ஊரைவிட்டுப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை.

வணிகவரி அலுவலகத்துக்குப் போனேன். பயந்துகொண்டுதான் போனேன். அங்கே இருந்த அம்மா ஒருவர் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். 'உங்க பேர்ல இருக்குற நம்பருக்கு நீங்கதாம்மா சொந்தக்காரர். பான், ஆதார் காட்டி எழுதிக் குடுங்க, உங்க போன் நம்பரையும் மெயிலையும் மாத்தித் தர்றோம்' என்றார். அப்படியே செய்து கொடுத்தார்கள். இந்த வழி இருப்பது பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பாஸ்வேர்டை யார் வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டினாலும் அலுவலகத்தில் நேரில் போய் மாற்றிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு கைக்கு வந்து, என் மகள் உள்ளே போய்ப் பார்த்தபோது இருந்தது வேறு கதை. 2023 ஏப்ரல்–ஜூன் காலாண்டு முதல் 2024 மார்ச் வரை நான்கு ரிட்டர்ன் பாக்கி. என்னைப் போன்ற சிறு வியாபாரிக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு உச்சம் 2,000. நாற்பது நாளிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். நாலுக்கும் 8,000. நம்பர் ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் என்று ஒன்று போட வேண்டுமாம், அதற்கு நாளுக்கு 200 வீதம், உச்சம் 10,000. பதிவு இருந்த ஒன்பது மாதத்தில் ஐந்தரை லட்சம் அளவுக்கு விற்றிருந்தேன். அதற்குள் அடங்கிய 5 சதவீத வரி சுமார் 26,000 ரூபாய். தெரு ஜனத்திடம் நான் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கியதில்லை. எல்லாம் என் கையிலிருந்து.

சரக்கு வாங்கும்போது ஈரோட்டில் நான் கட்டிய வரியை இந்த 26,000-இல் கழித்துக்கொள்ளலாம் என்று நம்பினேன். அதற்கும் கெடு இருக்கிறது. 2023–24 நிதியாண்டில் வாங்கிய சரக்குக்கான வரிக்கழிவை 2024 நவம்பர் 30-க்குள் எடுத்திருக்க வேண்டும். நான் கண்டுபிடித்தது ஜனவரியில். மதுரைச் சரக்குக்கு பில்லே கிடையாது, அங்கே கழிக்க எதுவும் இல்லை. ரத்தான நம்பரை உயிர்ப்பிக்க மனுப்போடும் 90 நாள் கெடுவும் எப்போதோ போயிருந்தது. தாமதத்துக்கு வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம் தனி. எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கு இரண்டாயிரம் குறைவு. மகளின் இரண்டாம் வருஷக் கட்டணத்துக்காகப் போட்டிருந்த சீட்டை எடுத்துக் கட்டினேன். கட்டணத்துக்குக் கடன் வாங்கினேன். நானும் என் வீட்டுக்காரரும் அன்று இரவு சாப்பிடவில்லை.

வரி கட்டியதற்காக நான் வருத்தப்படவில்லை. கட்ட வேண்டியதைக் கட்டத்தான் வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் இதில் பெரும்பகுதி வந்தே இருக்காது என்பதுதான் என் மனசை அறுக்கிறது.

பிறகு மகளும் நானும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். அவள் பி.காம். படிக்கிறாள். இந்தக் கணக்கைத்தான் உங்கள் வாசகர்கள், முக்கியமாகப் பெண்கள், தங்கள் சரக்கை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 152 ரூபாய் 25 காசுக்கு வாங்கும் நைட்டியை 230 ரூபாய்க்கு விற்கிறேன். சாதாரணப் பதிவில் இருந்தால் அந்த 230-க்குள் வரி 10 ரூபாய் 95 காசு. கம்பெனிக்குக் கட்டிய 7 ரூபாய் 25 காசைக் கழித்தால் பீஸுக்கு நான் கட்ட வேண்டியது 3 ரூபாய் 70 காசு. காம்போசிஷன் என்று இன்னொரு முறை இருக்கிறது. வருஷ விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் வியாபாரி, விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். பீஸுக்கு 2 ரூபாய் 30 காசு. ஆனால் வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்க முடியாது, வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கவும் கூடாது. பதிவே இல்லாமல் இருந்தால்? கம்பெனிக்குக் கொடுக்கும் 7 ரூபாய் 25 காசோடு சரி, மேலே ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் எனக்கு நம்பரே தேவையில்லையே என்றேன். 'ஆமாம்மா, சட்டப்படி தேவையில்லை' என்றாள் மகள்.

இதை மொத்த வியாபாரிகள் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பதிவு இல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்லவில்லை. பெயரும் முகவரியும் எழுதி பில் போடலாம். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் போனால் வாங்குகிறவர் பெயர், முகவரி கட்டாயம், அவ்வளவுதான். லாரியில் அனுப்பினாலும் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும், சரக்கோடு போகிற இ-வே பில் என்ற ஆன்லைன் சீட்டு வேண்டியதில்லை. அதற்கு மேலே போய் இ-வே பில் போட வேண்டி வந்தாலும், வாங்குகிறவர் நம்பர் கேட்கும் கட்டத்தில் யு.ஆர்.பி. என்று போட்டால் போதும். பதிவு இல்லாதவர் என்று அதற்கு அர்த்தம். என்னுடைய 100 நைட்டிக்கு பில் 15,225 ரூபாய். எந்தத் தடையும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஈரோட்டுக் கணக்கரிடமே கேட்டேன். கம்பெனி ரேட்டுக்கு யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்தால் டீலர்கள் சண்டைக்கு வருகிறார்கள், கல்யாண வீட்டுக்கு எடுக்கிறவர்கள்கூட வியாபாரி என்று சொல்லி வருகிறார்கள், நம்பர் இருந்தால் உண்மையான வியாபாரி என்று ஒரு நம்பிக்கை என்றார். சரிதான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு வேறு வழிகள் இல்லையா? நகராட்சி தொழில் உரிமம் கேட்கலாம், கடை போட்டோ கேட்கலாம், குறைந்தது 100 பீஸ் என்பதே ஒரு சல்லடைதான். நம்பர் கேட்டு வாசலில் நிறுத்தினால் சிறு வியாபாரி எஸ்டிமேட் சீட்டுக் கடைக்குத்தான் போவார். அங்கே அரசுக்கும் வரி இல்லை, வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு இல்லை. பில்லோடு வாங்க ஆசைப்படுகிறவர்களை பில் இல்லாத இடத்துக்கு நாமே விரட்டுகிறோம்.

நான் மறுபடி பதிவு செய்தேன், 2025 ஜூனில். கம்பெனி அப்போது நம்பர் இல்லாமல் தர மறுத்தது ஒரு காரணம். தனியார் பள்ளி ஒன்றில் ஆயாக்களுக்குச் சேலை, உள்பாவாடை கேட்டார்கள், அவர்களுக்குச் சரியான பில் வேண்டியிருந்தது, அது இன்னொரு காரணம். இந்தத் தடவை யாருக்கும் ஐந்து பைசா கொடுக்கவில்லை. அரசு தளத்தில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. மகள் என் செல்போன் எண்ணையும் என் மின்னஞ்சலையும் போட்டாள். விண்ணப்பத்திலேயே காம்போசிஷன் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். மாமனார் வெள்ளைத்தாளில் சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, அவ்வளவுதான். உறவினர் வீட்டில் தொழில் செய்கிறவர்களுக்குச் சாதாரணத் தாளில் எழுதிய சம்மதக் கடிதமே போதும், தேவையில்லாத ஆவணங்கள் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. முதல் தடவை நான் கொடுத்த 800 ரூபாயை நினைத்துக்கொண்டேன். ஒரு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. கரண்டு பில் மாமனார் பெயரில் இருப்பதைப் பற்றித்தான். ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும், இரண்டாவது நாளே போட்டோம். நம்பர் வந்துவிட்டது. பழைய நம்பரில் 13ஆவது இடத்தில் 1 இருந்தது, இதில் 2 இருக்கிறது, ஒரே பான் எண்ணில் இரண்டாவது பதிவு என்று அர்த்தம்.

இப்போது தினசரி காலண்டரில் நான்கு தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்: ஏப்ரல் 18, ஜூலை 18, அக்டோபர் 18, ஜனவரி 18. காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-க்குள் காம்போசிஷன் வரி கட்ட வேண்டும். வருஷ ரிட்டர்ன் ஜூன் 30-க்குள். ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,86,000 ரூபாய் விற்பனை, 1,860 கட்டினேன். தீபாவளியும் கார்த்திகையும் வந்த அடுத்த காலாண்டில் 2,74,000, 2,740 கட்டினேன். கட்டிய ரசீதை பைலில் வைக்கும்போது ஒரு நிம்மதி வருகிறது. வாசலில் காம்போசிஷன் வரி செலுத்துபவர் என்று சின்னப் பலகை மாட்டியிருக்கிறேன். பில் புத்தகத்தின் மேலேயும் வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று அச்சடித்திருக்கிறது. இரண்டும் விதி.

இதிலும் ஒரு கட்டு உண்டு. காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வாங்கலாம், வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. என் நாத்தனார் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். அங்கே விற்க ஐம்பது நைட்டி அனுப்பச் சொன்னாள், முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. புதுச்சேரியும் ஜி.எஸ்.டி.க்கு வேறு எல்லைதான். வெளியே அனுப்புகிற எண்ணம் உள்ளவர்கள் சாதாரணப் பதிவைத்தான் எடுக்க வேண்டும், 40 லட்சத்துக்குக் கீழே பதிவு வேண்டாம் என்ற சலுகைகூட அவர்களுக்கு இல்லை. வாங்குகிறவர்கள் கடைக்காரர்களாக இருந்தாலும் சாதாரணப் பதிவுதான் நல்லது, ஏனென்றால் நம் பில்லை வைத்து அவர்கள் வரியைக் கழித்துக்கொள்வார்கள். காம்போசிஷன் பில்லில் அது கிடைக்காது. எது யாருக்குப் பொருந்தும் என்பது அவரவர் சரக்கையும் வாடிக்கையாளரையும் பொறுத்தது. பதிவு செய்து கொடுக்கிறவர் இந்த ஒரு கேள்வியையாவது கேட்க வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

2025 நவம்பர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு மூன்று வேலை நாளிலேயே நம்பர் தரும் எளிய வழி வந்திருப்பதாக உங்கள் நாளிதழில்தான் படித்தேன். நல்லதுதான். ஆனால் எனக்கு நம்பர் வர இரண்டு வாரம் ஆனதால் எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் வந்ததெல்லாம் நம்பர் வந்த பிறகு. ஆகவே வணிகவரித் துறைக்கு என் வேண்டுகோள் இது: சான்றிதழோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். நீங்கள் எடுத்திருப்பது எந்தப் பதிவு, முதல் ரிட்டர்ன் எந்தத் தேதி, போடாவிட்டால் நாளுக்கு எவ்வளவு, வேண்டாமென்றால் எப்படி ரத்து செய்வது என்று பெரிய எழுத்தில். பதிவான செல்போனுக்கு மட்டுமல்ல, ஆதாரோடு இணைந்த செல்போனுக்கும் அந்தச் செய்தி போக வேண்டும். இடையில் இருப்பவர் தன் எண்ணைக் கொடுத்திருந்தாலும் உரியவருக்கு விஷயம் தெரிந்துவிடும். நோட்டீஸ்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதை வாசிக்கவே காசு கொடுத்து ஒருவரிடம் போக வேண்டியிருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது, கடன் பற்றிப் பேச வங்கியிலிருந்து வருகிறார்கள். வணிகவரி அலுவலகத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை யாராவது வந்து அரைமணி நேரம் பேசினால் எத்தனையோ வீடுகளில் சீட்டுப் பணம் மிஞ்சும். எனக்கு உதவிய அந்த அம்மாவைப் போன்றவர்கள் துறையில் இருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்ததால்தான் தைரியமாகக் கேட்கிறேன்.

இன்னொன்று. கூலி வேலை செய்கிறவர்களின் ஆதார், பான் எண்ணை வைத்து அவர்களுக்கே தெரியாமல் போலி நிறுவனம் பதிவு செய்து, கோடிக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களே பலமுறை வெளியிட்டிருக்கிறீர்கள். உங்கள் பான் எண்ணில் எத்தனை ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது என்பதை ஜி.எஸ்.டி. தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். வரி செலுத்துபவரைத் தேடும் பகுதியில் பான் மூலம் தேடுவது என்று இருக்கிறது. நான் எங்கள் குழுவில் இருக்கும் 12 பேருக்கும் மகளை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நல்லவேளை, யார் பேரிலும் வேண்டாதது எதுவும் இல்லை.

முந்தாநாள் பாலையம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். புதிதாக நைட்டி விற்க ஆரம்பித்திருக்கிறாள், மாதம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஓடுகிறது. நம்பர் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 4,000 கேட்டிருக்கிறார், 1,000 முன்பணம் கொடுத்துவிட்டாள். விண்ணப்பம் இன்னும் போடவில்லை. ஓ.டி.பி. எதையும் சொல்லாதே, இப்போதைக்கு உனக்கு நம்பரே வேண்டாம் என்றேன். அவள் முன்னாலேயே ஈரோட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டு, சட்டம் இன்னது, இவள் உண்மையான வியாபாரி, நான் பொறுப்பு என்று பேசினேன். அரைமணி நேரம் கழித்து முதலாளியிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் பெயரும் முகவரியும் போட்டு, நம்பர் இல்லாமல், 50 பீஸுக்கு பில் போடச் சம்மதித்திருக்கிறார்கள். பார்சல் வியாழக்கிழமை வருகிறது.

இப்படிக்கு,
நைட்டி வியாபாரம் செய்யும் வாசகி,
அருப்புக்கோட்டை.